தகடு சாய்ந்த பக்கம்

நானும் என் அண்ணியும் பேசாமல் இருந்த அந்த வாரத்தில் அதிகம் கஷ்டப்பட்டது நாங்கள் இல்லை. எங்கள் ஆலையின் கிரேன் ஓட்டுநர்தான். கூரைக்குக் கீழே கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்து உலகத்தைக் குனிந்து பார்க்கிறவர் என்பதால் அவருக்கு ‘மேலவர்’ என்று பெயர். “மேல இருக்கறவன் எல்லாத்தையும் பாத்துக்குவான்” என்று தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்வார். அந்த வாரம் அவரைத் தபால்காரர் ஆக்கிவிட்டோம்.

“அண்ணே, மோட்டார் பக்கம் நிக்கிறவங்கள அரைப் பல்லு இறக்கச் சொல்லுங்க” என்று நான் கீழிருந்து கத்துவேன்.

மோட்டார் பக்கம் நிற்பது அண்ணி. கை நீட்டினால் தொட்டுவிடலாம், அவ்வளவு பக்கம். நான் கத்தியது அவருக்குத் தெளிவாகவே கேட்கும். ஆனாலும் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பார். மேலவர் தலையை வெளியே நீட்டி, “அரைப் பல்லாம்மா!” என்று சொன்ன பிறகுதான் அவர் கை சக்கரத்துக்குப் போகும்.

“நாளையிலருந்து ஸ்டாம்பு ஒட்டிக் குடுங்க” என்று மேலவர் முனகுவார்.

எங்கள் ஆலையில் பித்தளைக் கட்டியைத் தகடாக உருட்டுகிறோம். கீழே ஓர் உருளை, மேலே ஓர் உருளை, நடுவில் ஒரு சந்து. கட்டி அந்தச் சந்துக்குள் போய் மறுபக்கம் தகடாக வரும். மேல் உருளையை ஏற்றி இறக்க இரு முனையிலும் ஒவ்வொரு திருகு; திருகின் தலையில் பல் வைத்த சக்கரம். இது எல்லாம் சேர்ந்தது ஒரு ‘ஸ்டாண்டு’. மோட்டார் பக்கத்துச் சக்கரம் அண்ணிக்கு, இந்தப் பக்கத்துச் சக்கரம் எனக்கு. உருளையைப் பொருத்துவதும், சந்தைச் சரிசெய்வதும்தான் எங்கள் இருவரின் வேலை.

சொல்ல எளிதாக இருக்கிறது. ஆனால் மெல்லிய தகட்டுக்கு ஒரு முழுப் பல் அதிகம். அரைப் பல், கால் பல் என்று கணக்கு வரும்போது சக்கரம் கைவிட்டுவிடும், கைதான் தீர்மானிக்க வேண்டும். ஒரு பக்கம் மயிரிழை கூட இறுகினால் போதும், அந்தப் பக்கம் தகடு நீளும். மறுபக்கம் குட்டையாக நிற்கும். தகடு குட்டைப் பக்கமாகச் சாய்ந்துகொண்டே வெளியே வரும். கோணல் தகட்டை யாரும் வாங்க மாட்டார்கள்.

சண்டைக்கும் இதுதான் காரணம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சொந்தக்காரர்கள் வீடு நிறைய வந்திருந்தார்கள். யாரோ ஆலை வேலையைப் பற்றிக் கேட்டார்கள். என் வாய் சும்மா இருக்குமா?

“எங்க அண்ணிக்குப் பயந்தாங்கொள்ளிக் கை. அரைப் பல்லு இறுக்குங்கன்னு சொன்னா கால் பல்லுலயே கை நடுங்கி நின்னுடும்” என்றேன். நடித்தும் காட்டினேன். எல்லாரும் சிரித்தார்கள்.

அண்ணியும் சிரித்தார். தட்டுகளை எடுத்து அடுக்கிக்கொண்டே, “உனக்குக் கையும் சரி, வாயும் சரி, எங்க நிறுத்தணும்னு தெரியாது. அதான் தகடுகூட உன்கிட்ட இருந்து தப்பிச்சு என் பக்கமா ஓடி வருது” என்றார்.

அதற்கு வந்த சிரிப்பு என் சிரிப்பை விடப் பெரிது. எனக்குச் சுருக்கென்றது. ஏனென்றால் அது உண்மை. போதும் என்று தோன்றிய பிறகும் கடைசியாக ஓர் இழுப்பு இழுத்தால்தான் என் கைக்கு நிம்மதி. அவர் கால் பல் குறைவாக நிறுத்துவதும் உண்மை. பேசிக்கொண்டிருந்த காலத்தில் “அண்ணி, இன்னும் கொஞ்சம்”, “ஏய், போதும் விடு” என்று ஒருவரை ஒருவர் சரிக்கட்டிவிடுவோம். அன்றிலிருந்து அந்தப் பேச்சும் நின்றது.

இதில் எனக்கு இன்னொரு சங்கடம். அண்ணியை வீட்டுக்குக் கொண்டுவந்தவளே நான்தான். ஆலையில் எனக்கு எதிரே நின்று வேலை பார்த்த பெண்ணைப் பிடித்துப்போய், அண்ணனைக் கழுத்தில் கத்தி வைக்காத குறையாகப் பெண் பார்க்க அழைத்துப் போனவள் நான். அப்படிப்பட்டவள் யாரிடம் போய்ப் புகார் சொல்வது? அண்ணனிடம் சொன்னால், “உன் பார்ட்னர், உன் செலக்சன், என்னை விட்டுடும்மா” என்று சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவார்.

வீட்டில் அண்ணி என்னைக் கூப்பிடுவதில்லை. டீ போட்டதும் டம்ளரை மேஜையில் ‘டொக்’ என்று வைப்பார். அந்தச் சத்தம் கேட்டு நான் போய் எடுத்துக்கொள்ள வேண்டும். நான் குடித்து முடித்து அதே மாதிரி ‘டொக்’ என்று வைப்பேன். நடுவில் அண்ணன் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிக்கொண்டிருப்பார்.

ஆலையில் தகடுகள் வரிசையாக அண்ணி பக்கம் சாய்ந்தன. புதன்கிழமை ஃபோர்மேன் வந்தார். கத்துகிற ஆள் இல்லை அவர். கத்தினால்கூடப் பரவாயில்லை என்று இருக்கும். சாய்ந்து கிடந்த தகடுகளைக் குனிந்து பார்த்தார், எங்களை நிமிர்ந்து பார்த்தார்.

“புதுசா வந்திருக்கிற ஸ்டாண்டு உங்க ரெண்டு பேருக்குத்தான்னு நினைச்சிருந்தேன்” என்றார். “இப்ப சந்தேகமா இருக்கு. நாளைக்கு இந்த ஸ்டாண்டுல ரோல் மாத்தணும். நீங்களே ஏத்துங்க, நீங்களே செட் பண்ணுங்க. ரெண்டு தகடு தர்றேன். ஒண்ணாவது நேரா வந்தா புது ஸ்டாண்டு உங்களுக்கு. வரலைன்னா ஜோடியப் பிரிச்சு ஆளுக்கொரு ஷிஃப்ட்ல போட்டுடுவேன். நடுவுல கிரேன்ல இருந்து யாரும் குரல் குடுக்கக் கூடாது.”

“அப்பாடா” என்று மேலிருந்து ஒரு குரல் வந்தது.

அன்று வீட்டுக்குப் போகிற பேருந்தில் அண்ணி முன்னால் உட்கார்ந்தார், நான் பின்னால். அவர் கொண்டையையே பார்த்துக்கொண்டு வந்தேன். வேறு ஷிஃப்ட் என்றால் வேறு பேருந்து. எதிர்ச்சக்கரத்தில் வேறு யாரோ. வீட்டிலும் அவர் வரும்போது நான் கிளம்பிப் போயிருப்பேன். டம்ளர் சத்தம்கூட மிஞ்சாது. பயமாக இருந்தது. பேசியிருக்கலாம். ஆனால் முதலில் பேசுவது யார்?

வியாழக்கிழமை காலை பழைய உருளைகளைக் கழற்றினோம். இரண்டு தூண்களின் தலைமூடிகளைத் திறந்து, மேலவர் கிரேன் சங்கிலியை இறக்க, அண்ணி கையசைக்க, நான் கொக்கி மாட்ட, எல்லாம் ஒரு வார்த்தை இல்லாமலே நடந்தது. வேலைக்குப் பேச்சு தேவையில்லாத இடங்களில் நாங்கள் எப்போதும் போலவே இருந்தோம். அது இன்னும் கடுப்பாக இருந்தது.

புது உருளைகள் கடைசல் முடிந்து எண்ணெய்த்தாள் சுற்றி வந்திருந்தன. தாளைப் பிரித்தால் முகம் பார்க்கலாம், அப்படி ஒரு பளபளப்பு. வெறுங்கையால் தொடக் கூடாது. வியர்வை பட்ட இடம் கறுத்து, அந்தக் கறை ஒவ்வொரு தகட்டிலும் அச்சாக விழும். மண்ணெண்ணெய்த் துணியால் நான் ஒரு முனையிலிருந்தும் அண்ணி மறுமுனையிலிருந்தும் துடைத்துக்கொண்டு வந்தோம். நடுவில் இரண்டு துணியும் முட்டிக்கொண்டன. அண்ணி துணியை இழுத்துக்கொண்டார். நானும் இழுத்துக்கொண்டேன்.

கீழ் உருளை இறங்கி உட்கார்ந்தது. மட்டம் பார்த்தோம். மேல் உருளை இறங்கியது. பேரிங் பெட்டிகளுக்குக் கிரீஸ் வைத்து, மூடிகளைப் போட்டு, போல்டுகளை முறுக்கினோம். அண்ணி தன் பக்கத்தில் மோட்டார் தண்டை இணைத்தார். அடுத்தது விளக்குப் பார்ப்பது. சந்துக்குப் பின்னால் ஒரு பல்பைப் பிடித்துக்கொண்டு, மேல் உருளையைச் சிறிது சிறிதாக இறக்க வேண்டும். வெளிச்சக் கோடு மெலிந்து மெலிந்து, இந்த முனை முதல் அந்த முனை வரை ஒரே நேரத்தில் அணைய வேண்டும். அணைந்தது. உருளைகள் சரியாகத் தொட்டுக்கொண்டிருக்கின்றன என்று அர்த்தம். ஃபோர்மேன் தலையை ஆட்டினார்.

அங்கிருந்து மேலே ஏற்றிவிட்டு, தகட்டின் கனத்துக்கு மறுபடி இறக்க வேண்டும். பற்களை இரண்டு பக்கமும் எண்ணி இறக்கினோம். கடைசியில் அந்த அரைப் பல் மிஞ்சியது. எங்கள் மானம் போன அரைப் பல்.

சக்கரத்தைப் பிடித்தபடி நின்றேன். அண்ணி எப்படியும் கால் பல்லில் நிறுத்திவிடுவார். நான் வழக்கப்படி இழுத்தால் தகடு அவர் பக்கம் ஓடும், இன்றோடு எல்லாம் முடிந்தது. அவரை மாற்ற என்னால் ஆகாது, பேசினால்தானே மாற்ற? சரி, நான் மாறுகிறேன். அவர் நிறுத்துகிற இடத்திலேயே நானும் நிறுத்திவிட்டால் இரண்டு பக்கமும் சமம். கால் பல்லுக்குத் திருகினேன், நிறுத்தினேன். இன்னும் ஓர் இழுப்பு, ஒரே ஓர் இழுப்பு என்று கை துடித்தது. கையை எடுத்து முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

பூட்டு நட்டுகளை இறுக்கினோம். மோட்டார் ஓடியது. முதல் கட்டி உள்ளே போனது.

தகடு வெளியே வந்தது. வந்து, சாய்ந்தது. என் பக்கம் சாய்ந்தது.

இத்தனை வருடத்தில் எங்கள் தகடு என் பக்கம் சாய்ந்ததே கிடையாது. எனக்குத் தலைக்கு ஏறியது. வேண்டுமென்றே செய்திருக்கிறார்! என்னைக் கேலி செய்ய, இருக்கிற இரண்டு தகட்டில் ஒன்றைக் கெடுத்து… வாயைத் திறந்தேன். அப்போதுதான் அவர் உள்ளங்கையைப் பார்த்தேன். சக்கரத்தின் விளிம்பு பதிந்து சிவந்திருந்தது. பயந்தாங்கொள்ளிக் கை அப்படிச் சிவக்காது. தன் பலத்துக்கு மீறி யாரோ இழுத்திருக்கிறார்கள். முகத்தைப் பார்த்தேன். கேலி இல்லை. அழுகிற மாதிரி இருந்தது.

“எவ்வளவு குடுத்தீங்க?” என்றேன்.

அண்ணி பழக்க தோஷத்தில் மேலே பார்த்தார்.

“என்னை ஏம்மா பாக்குற? நேரா உன்னத்தான் கேக்குறா!” என்று மேலவர் அலறினார்.

“அரைப் பல்லு” என்றார் அண்ணி. “அதுக்கு மேல ஒரு இழுப்பு.”

“ஏன்?”

“நீ எப்படியும் இழுப்பேல்ல. நானும் இழுத்தா உனக்குச் சமமா நிக்கும்னு நினைச்சேன்.”

“நான் இழுக்கல. நீங்க கால் பல்லுல நிப்பீங்கன்னு நானும் அங்கயே நின்னுட்டேன்.”

அண்ணி தகட்டைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அவர் என் கையாகி இருக்கிறார், நான் அவர் கையாகி இருக்கிறேன். யார் முதலில் சிரித்தது என்று தெரியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். அண்ணிக்குக் கண்ணில் நீர் வந்து, கிரீஸ் கையால் துடைத்து, மூக்கெல்லாம் கறுப்பாகிவிட்டது.

“இன்னும் ஒரு தகடு இருக்கு” என்றார் ஃபோர்மேன், எங்கேயோ பார்த்துக்கொண்டு. அவர் உதட்டோரமும் சும்மா இல்லை.

நட்டுகளைத் தளர்த்தி மறுபடி பிடித்தோம்.

“அண்ணி, கொஞ்சம் விடுங்க. இன்னும். அவ்வளவுதான்!”

“நீ வா. வா. இன்னும் வா. போதும், நில்லு!”

நின்றேன். ஒரு சொல்லுக்கு நான் அப்படியே நின்றேன் என்பதை அண்ணன் இன்றைக்கும் நம்ப மறுக்கிறார்.

இரண்டாவது தகடு வந்தது. வந்துகொண்டே இருந்தது. என் பக்கமும் வரவில்லை, அவர் பக்கமும் போகவில்லை. ஃபோர்மேன் அதன் விளிம்பில் நூலைக் கட்டி இழுத்து, குனிந்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். நூலுக்கும் விளிம்புக்கும் இடையே ஒரு துண்டுக் காகிதத்தை நுழைத்துப் பார்த்தார். நுழையவில்லை.

“திங்கட்கிழமை புது ஸ்டாண்டுக்கு வந்துடுங்க, ரெண்டு பேரும்” என்று சொல்லிவிட்டு நூலைச் சுற்றிக்கொண்டு போனார்.

கை கழுவுகிற குழாயடியில் அண்ணியின் பக்கத்தில் போய் நின்றேன். சோப்பு நுரையைப் பார்த்துக்கொண்டே, “அன்னைக்கு எல்லார் முன்னாடியும் நான் அப்படிச் சொன்னது…” என்று இழுத்தேன்.

“விடு. அதான் தகட்டுலயே சொல்லிட்டியே” என்றார். “நானும்தான் சொல்லிட்டேன். ஆனா ஒண்ணு. என் கை பயந்த கைதான். பக்கத்துல நீ கத்திக்கிட்டே இருந்தாதான் அது நகரும். இனிமே வாய மூடிக்கிட்டு வேலை பாக்காத, கேட்டியா?”

என் வாயை ஒருவர் கேட்டு வாங்கிக்கொண்டது அதுவே முதல் தடவை. தண்ணீரை முகத்தில் அடித்துக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். அண்ணன் எதிரே செருப்புக்குப் பக்கத்திலேயே நாற்காலியைப் போட்டு, எப்போது வேண்டுமானாலும் வெளியே ஓடத் தயாராக இருந்தார். சமையலறையில் டீ கொதிக்கிற வாசனை வந்தது. ‘டொக்’ சத்தத்துக்காக இருவரும் காதைத் தீட்டிக்கொண்டிருந்தோம்.

“ஏய், காது கேக்கலையா? டீ ஆறிப்போகுது, வா!”

தெருமுனை வரைக்கும் கேட்டிருக்கும். அண்ணன் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து காலை நீட்டிக்கொண்டார். நான் உடனே எழுந்திருக்கவில்லை. இன்னொரு தடவை கூப்பிடட்டும் என்று உட்கார்ந்திருந்தேன்.