உள்வட்டத்தில் தொலைந்த சாவி

இசையமைப்பாளருக்கு மௌனம் என்றால் உயிர். பாட்டுக்கு நடுவில் மௌனம், பாட்டுக்கு முன் மௌனம், குழாய் ஒழுகுவதை எப்போது சரிசெய்வீர்கள் என்று மனைவி கேட்டால் அதற்கும் மௌனம். அவருடைய பதினாலு நிமிடப் பாட்டின் நடுவே இரண்டு நிமிடம் ஒன்றுமே இருக்காது. கேட்பவர் அங்கே தன்னைத் தானே கேட்டுக்கொள்ள வேண்டும் என்பது ஏற்பாடு. இதுவரை கேட்டவர்கள் எல்லாரும் போன் நின்றுபோய்விட்டது என்றுதான் நினைத்தார்கள். அதனால்தான் இந்த முறை இசைத்தட்டு. தட்டு சுழல்வது கண்ணுக்குத் தெரியும் அல்லவா.

எந்தக் கம்பெனியும் பின்னால் இல்லாத இசைக்குழு அது. குழு என்றால் இரண்டே பேர். அவர் எழுதுவார், வாசிப்பார், யோசிப்பார். மனைவி பாடுவாள். அவரே பாடினால் என்ன ஆகும் என்பது மைத்துனன் கல்யாணத்திலேயே குடும்பத்துக்குத் தெரிந்துவிட்டது. இந்தத் தட்டில் மனைவி தானே எழுதிய பாட்டும் ஒன்று இருந்தது. ஒருத்தி வீட்டுக்குள் சாவியைத் தேடுகிறாள், அவ்வளவுதான் பாட்டு. அதைச் சேர்த்துக்கொள்ள ஒப்புக்கொண்டபோது அவர் ஒரு பெருமூச்சு விட்டார். அவளும் ஒன்று சொல்லிவைத்தாள்.

"இந்த ஒரு பாட்டு ஒழுங்கா வரட்டும். வரலைன்னா அடுத்த ரெக்கார்டுல நீங்களே பாடிக்குங்க."

லேத் என்ற இயந்திரத்தில் பாட்டைத் தட்டில் வெட்டித் தருபவரை எல்லாரும் லேத் அக்கா என்றுதான் அழைப்பார்கள். சூடான ஊசி கருப்புத் தட்டைக் கீறிக்கொண்டே போகும். கீறலிலிருந்து முடி போல எழும்பும் இழையை ஒரு குழாய் உறிஞ்சிக்கொள்ளும். மனைவிக்கு அன்று ஆபீஸ். இசையமைப்பாளர் தனியாகப் போயிருந்தார். இரண்டாம் பக்கத்தில் முதலில் அவருடைய பதினாலு நிமிடம், கடைசியில் மனைவியின் பாட்டு. அக்கா அதை முழுதாகக் கேட்டுவிட்டுத் திரும்பினார்.

"தம்பி, தட்டு ஒரே வேகத்துலதான் சுத்தும். வெளி ஓரத்துல ஒரு சுத்துக்கு நிறைய இடம். உள்ள போகப் போக இடம் சுருங்கிடும். அங்க ச வர்ற இடமெல்லாம் எச்சில் தெறிச்ச மாதிரி கேக்கும். உங்க வீட்டுக்காரம்மா பாட்டுல சாவி எத்தனை தடவை வருது?"

"அது சாவியைத் தேடுற பாட்டு, அக்கா."

"அப்ப அதை ஓரத்துல முதல்ல வைங்க. உங்களோடது உள்ள போகட்டும். அதுல பாதி நேரம் ஒண்ணுமே இல்ல. காலிப் பெட்டியை யாராவது ஜன்னல் சீட்ல உக்கார வெப்பாங்களா?"

இசையமைப்பாளர் வேண்டிய அளவு மௌனம் காத்துவிட்டுச் சொன்னார். "இந்தப் பக்கம் ஒரு பயணம். அலைஞ்சு, தொலைஞ்சு, கடைசியில வீட்டுக்கு வர்றோம். அவ பாட்டுதான் அந்த வீடு."

"வாசல்ல நெரிசலா இருக்கும்."

"பரவாயில்ல."

மனைவிக்கு ஒரு வீட்டையே கொடுத்துவிட்ட திருப்தியோடு அவர் திரும்பினார். வாசலின் நெரிசலைப் பற்றி அவளிடம் சொல்ல மறந்துவிட்டார். மறந்துவிட்டார் என்பது அவர் தரப்பு.

வெள்ளை லேபிள் ஒட்டிய சோதனைத் தட்டு வந்தது. இதைக் கேட்டுச் சரி என்று சொன்னால்தான் மற்றவற்றை அச்சடிப்பார்கள். மனைவி மின்விசிறியை நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள். அவருடைய பாட்டு நடந்து நடந்து மௌனத்துக்குள் நுழைந்தது. சட், சட் என்று சுற்றுக்கு ஒரு சொடுக்கு. அதற்கு அடியில் விடாத பொரிச்சல்.

மனைவி எழுந்தாள். "அடுப்புல எண்ணெய வெச்சுட்டு வந்துட்டேனா?"

"உக்காரு. அது நான்."

பிறகு அவளுடைய பாட்டு. சாவி ஒவ்வொரு முறையும் ஷ்ஷாவி என்று சீறிக்கொண்டு வந்தது. புதிதாகப் பல்செட் கட்டியவர் சண்டை போடுவது போல இருந்தது. முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல் கடைசி வரை கேட்டாள்.

"ஊசி பழசு," என்றார் அவர், அவள் கேட்பதற்கு முன்பே.

அவள் லேத் அக்காவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். "அக்கா, என் பாட்டு மட்டும் ஏன் இப்படித் தெறிக்குது?"

"தம்பிகிட்ட அன்னிக்கே சொன்னேனேம்மா. ஓரத்துல வைங்கன்னு. உங்ககிட்ட சொல்லலையா?"

அதன்பின் வீட்டில் இறங்கிய மௌனம் இருக்கிறதே, அவர் வாழ்நாளில் உண்டாக்கியவற்றில் ஆகச் சிறந்தது. ஒரு கீறல் இல்லை, ஒரு பொரிச்சல் இல்லை. அவள் திட்டவும் இல்லை. சோற்றை வைத்தாள், தண்ணீரை வைத்தாள், போனாள். மறுநாள் காலை அவள் ஆபீஸ் கிளம்பியதும் அவர் கதவைச் சாத்திக்கொண்டு சாவிப் பாட்டை மெல்லப் பாடிப் பார்த்தார். கேட்பவர் தன்னைத் தானே கேட்டுக்கொள்ள வேண்டும் என்ற அவருடைய கொள்கை அன்றுதான் முதல்முறையாக நிறைவேறியது.

அவள் திரும்பி வந்தபோது வாசலிலேயே நின்றிருந்தார்.

"மறுபடி வெட்டிடலாம். உன் பாட்டு முதல்ல."

"பயணம்?"

"வீட்டுலேர்ந்தும் கிளம்பலாம்."

இந்த முறை இருவரும் லேத் அறைக்குப் போனார்கள். மௌனத்தை எங்கே வைத்தாலும் பொரியத்தான் செய்யும் என்றார் அக்கா. இசையமைப்பாளரின் முகம் தொங்குவதைப் பார்த்துவிட்டு, "தட்டோட கடைசியில ஒரு வட்டம் வரும், தம்பி. ஊசி அதுக்குள்ளயே சுத்திக்கிட்டு கிடக்கும். பாட்டு, பேச்சு எதுவும் இருக்காது. எல்லாத் தட்டுலயும் உண்டு," என்றார்.

"எவ்வளவு நேரம்?"

"கரண்ட் இருக்கிற வரைக்கும்."

அவர் கண்கள் கலங்கிவிட்டன. எல்லாத் தட்டிலும் உண்டு என்பது அவர் காதில் விழவில்லை. தன் பாட்டின் நடுவே இருந்த இரண்டு நிமிடத்தை எடுத்துவிடச் சம்மதித்தார். முடிவில்லாதது கிடைக்கும்போது இரண்டு நிமிடத்துக்கு யார் அழுவார்கள். அக்கா மனைவியைப் பார்த்தார். மனைவி கூரையைப் பார்த்தாள்.

லேபிளுக்குப் பக்கத்தில் மிஞ்சும் வெற்றிடத்தில் குழுக்காரர்கள் தங்களுக்குப் பிடித்த ஒரு வரியைக் கீறிவைப்பது வழக்கம். என்ன எழுதலாம் என்று அக்கா கேட்டார். இசையமைப்பாளர் யோசிக்கத் தொடங்கினார். அவர் யோசித்து முடிப்பதற்குள் மனைவி ஊசியை வாங்கி எழுதிக் கொடுத்துவிட்டாள்.

புதிய சோதனைத் தட்டில் சாவி சாவியாகவே வந்தது. ஒரு தடவைகூடச் சீறவில்லை. பாட்டு முடிந்ததும் அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள். அவர் தன் பாட்டை முழுதாகக் கேட்டார். ஊசி கடைசி வட்டத்துக்குள் விழுந்தது. சட், சட். கண்ணை மூடிக்கொண்டார்.

"முடிஞ்சுடுச்சு, எடுங்க," என்றாள் உள்ளிருந்து.

"முடியல. இது நான்."

"தெரியும். அதனாலதான் தட்டுலயே எழுதி வெச்சேன்."

அவர் ஊசியைத் தூக்கிவிட்டுத் தட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். வெற்றிடத்தில் அவள் கையெழுத்து: எழுந்து வந்து எடுங்க.

"அடுத்த ரெக்கார்டுக்கு ரெண்டு பாட்டு எழுதியிருக்கேன்," என்றது குரல். "பக்கத்துக்கு ஒண்ணு. ரெண்டும் முதல்ல."

இசையமைப்பாளர் ஒன்றும் சொல்லவில்லை. அந்த வீட்டில் அவருடைய மௌனத்தை முதல்முறையாக ஒருவர் சரியாகப் புரிந்துகொண்டார்.

"சரி, அப்ப அந்த ஒழுகுற குழாயையும் பாருங்க," என்றாள்.