சண்டைக்கு வேண்டிய வெளிச்சம்

என் வீட்டுக்காரருக்குப் பிறவியிலேயே காது கேட்காது. எங்க பேச்செல்லாம் கையாலதான். மருந்துக்கடையில நாள் முழுக்க வாய் வலிக்கப் பேசிட்டு வந்து, அந்தக் கதையையெல்லாம் சாயங்காலம் அவர்கிட்ட கொட்டினாத்தான் எனக்குச் சோறு இறங்கும்.

வாடகை வீடோ ஒரே இருட்டு, பல்பு போட்டாலும் மங்கல்தான். ஜன்னலைத் திறந்தா பக்கத்து வீட்டுச் சுவர். அதனால மனை பார்க்கக் கிளம்பினப்பவே, வெளிச்சம் வேணும்னு ஒத்தைக்கால்ல நின்னேன். அவருக்கு வேன் நிறுத்த இடம் வேணும். கடை கடையா ரொட்டி போடுற வேன் அது. தெருவுல நிறுத்தி நிறுத்தி, அக்கம்பக்கத்துல வாங்கிக் கட்டிக்கிட்டு மனுஷன் நொந்துபோயிட்டார்.

தரகர் தம்பி காட்டின முதல் மனை நல்ல அகலம். முன்னால ரெண்டு வேன் தாராளமா நிக்கும். ஆனா மத்த மூணு பக்கமும் மாடி வீடு. ரெண்டு மனை தள்ளி, இதே மாதிரி மனையில ஒரு வீடு பாதி கட்டி நின்னுச்சு. "உள்ளே வந்து பாருங்கக்கா"ன்னார். போனோம். சாயங்காலம் நாலு மணிதான், ஹால்ல கும்மிருட்டு.

எனக்கு ஒரு குறும்பு. "வேனை வித்துடலாமா?"ன்னு கையால கேட்டேன்.

வாசல் வெளிச்சத்துல நின்னவர் சிரிச்சுக்கிட்டே தலையாட்டினார்.

இருட்டுல என் கையே அவருக்குத் தெரியலை! அதே தலையாட்டல்தான்! தினம் சாயங்காலம் என் கதைக்கெல்லாம் அப்படித்தான் ஆட்டுவார். எவ்வளவு பொறுமையான மனுஷன்னு ஊரெல்லாம் பீத்திக்கிட்டேனே!

வெளியே இழுத்துட்டு வந்து, "தெரியலைன்னா சொல்லித் தொலைக்கிறதுக்கென்ன?"ன்னு பிடிபிடின்னு பிடிச்சேன்.

"நீ அவ்வளவு ஆசையாச் சொல்றே. எப்படி நிறுத்தச் சொல்றது?"ன்னார். எனக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்துச்சு.

அடுத்தது மூலை மனை. ஒடுக்கம்தான், ஆனா தெற்கேயும் மேற்கேயும் ரோடு. மறைச்சுக் கட்ட யாராலும் முடியாது. பொழுது சாயுற நேரத்துலயும் வெயில் கடைசி மூலை வரைக்கும் வந்துச்சு. நான் அந்த மூலையில நின்னேன், அவர் ரோட்டோரம் வேன்கிட்ட.

"வேன் தெருவுலதான் நிக்கணும்!"னேன்.

தலையாட்டலை. ரெண்டு கையையும் வீசிக்கிட்டுப் பாய்ஞ்சு வந்தார். "முடியவே முடியாது! பக்கத்து ரோட்டுல ஒரு கேட் வை. உன் ஹாலைக் குறை!"

"ஹாலைக் குறைக்கணுமா? உங்க வேன் என்ன புது மாப்பிள்ளையா?"

"அது ஓடினாத்தான் உனக்குச் சோறு!"

"ஓஹோ, அப்ப என் சம்பளம்?"

தரகர் தம்பி பயந்துபோயிட்டார். "அண்ணனுக்குப் பிடிக்கலை போலிருக்கு. வேற பார்க்கலாமாக்கா?"

"சும்மா இருங்க தம்பி, இதையே பேசி முடிங்க"ன்னேன்.

ஹால் குறையப்போகுது, குறையட்டும். கல்யாணம் ஆனதுலேருந்து ஒரு சாயங்காலம்கூட இந்த மனுஷன் என்னோட ஒரு வார்த்தை விடாம இப்படிச் சண்டை போட்டதே இல்லை.