வாரம் ஒரு ஆள்

அமெரிக்கக் கால்பந்து டிராஃப்டின் மூன்று நாளும் எங்கள் டொலிடோ வீட்டில் டிவி அணையவில்லை. தொழில்முறை அணிகள் கல்லூரிப் பையன்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி எடுத்துக்கொண்டே இருந்தன. அண்ணன் கோல்பி ஷிமான்ஸ்கி சோபாவில் உட்கார்வான், எழுவான், அடிக்காத போனை எடுத்துப் பார்ப்பான். பந்தெறிகிற குவார்ட்டர்பேக்குகளே பதினொரு பேர் போனார்கள். அதில் ஒருவன் கல்லூரியில் அண்ணனுக்கு மாற்றாக பெஞ்சில் இருந்தவன். அம்மா கேக்கில் அணியின் பெயர் எழுத விட்டிருந்த இடம் காலியாகவே இருந்தது. அப்பா பார்த்து அந்தத் துண்டையே வெட்டிக்கொண்டார். "க்ரீம் கம்மி. உடம்புக்கு நல்லது" என்றார்.

பிறகு ஏரிக்கரை அணி ஒன்று கூப்பிட்டது. ஆடுவதற்கு அல்ல. ஞாயிறு மோதப்போகும் எதிரணியின் குவார்ட்டர்பேக் எப்படி எறிவானோ, பயிற்சியில் அப்படியே எறிந்துகாட்ட ஓர் ஆள் வேண்டுமாம். தடுப்பாட்டக்காரர்கள் அவன்மேல் விழுந்து பழக.

இரண்டு வருடம் அண்ணன் வாரம் ஒரு ஆளாக இருந்தான். சிகாகோ வாரம் வலப்பக்கமே ஓடுவான். டென்வர் வாரம் வீட்டில் உப்புக் கேட்டால்கூட, தருவது போலக் காட்டி வேறு ஆளிடம் கொடுப்பான்.

போன நவம்பரில் பஃபலோவுடன் ஆட்டம். முதல் குவார்ட்டர்பேக்குக்குத் தோள் போனது, அடுத்தவனுக்கு முழங்கால். கோச் ஹென்ட்ரிக்ஸ் வேறு வழியில்லாமல் அண்ணனைப் பார்த்தார்.

"இன்னிக்கு ஒப்பேத்து. நாளைக்கு வெளியேருந்து நல்ல ஆளா எடுக்கறேன். அவனுக்கு இடம் வேணும், நீ கிளம்பணும். மனசுல வச்சுக்காத."

களத்தில் எல்லோரும் வட்டமாகக் குனிய, அண்ணன் ஆட்டத்தைச் சொன்னான். அண்ணனுக்கு முன்னால் நின்று எதிராளிகளைத் தடுக்கிற, மலை மாதிரி இருந்த டெமெட்ரியஸ் நிமிர்ந்தான்.

"தம்பி, இது அவங்க ஆட்டமாச்சே?"

வாரம் முழுக்க பஃபலோவாக இருந்த பழக்கம். பேசித் தீர்க்க நேரமில்லை, அதையே ஆடினார்கள். பஃபலோக்காரர்கள் சொந்த ஆட்டத்தைச் சுலபமாகத் தடுத்தார்கள். அடுத்ததும் அப்படியே.

"டேய் ஷிமான்ஸ்கி, நீ எந்தப் பக்கம்டா?" என்று கேலரியில் என் பின்னால் ஒருவர் கத்தினார். நான் குடும்பப் பெயர் போட்ட சட்டையின் மேல் கோட்டை மாட்டிக்கொண்டேன்.

மூன்றாவது முறை அண்ணன், "சிகாகோ" என்றானாம்.

"என்னது?"

"நான் வலப்பக்கம் ஓடறேன். நீ முன்னாடி எல்லாரையும் தள்ளிட்டே வா."

இருபது கஜம் போனான். அடுத்து டென்வர் ஆனான். கொடுப்பது போலக் காட்டி, வேறு ஆளுக்கு எறிந்தான். பிறகு இரண்டு வருடத்தில் அவன் ஆடிக்காட்டிய அத்தனை பேரும் அவனுக்குள்ளிருந்து வரிசையாக வந்தார்கள். பஃபலோ கேப்டன் தன் பெஞ்சைப் பார்த்து, "கோச், இவன் யாருன்னு முதல்ல சொல்லுங்க!" என்று கதறினான். ஜெயித்தோம்.

திங்களன்று அண்ணன் கோட்டைக் கழற்றாமலே கூடத்தில் நடந்தான்.

"வேற ஆள் எடுக்கலையாம். நான்தானாம்."

"அப்புறம் ஏண்ணே மூஞ்சி இப்படி இருக்கு?"

"அந்த வித்தைய இனிமே எல்லாரும் வீடியோல பாத்துடுவாங்களாம். ஞாயித்துக்கிழமை நீ நீயா ஆடுங்கறாரு கோச். நான் எப்படிடா எறிவேன்?"

கல்லூரி ஆட்டங்களைத் தேடிப் போட்டேன். உட்கார்ந்தான், எழுந்தான், டிவிக்குப் பக்கத்தில் போய் நின்றான். ஒரு நீளமான பந்தைத் திரும்பத் திரும்ப ஓட்டச் சொன்னான்.

"நல்லாத்தானேடா எறியறான்? இவன ஏன் யாரும் எடுக்கல?"

"தெரியலண்ணே."

ஞாயிற்றுக்கிழமை அந்த ஆளாக ஆடி நாலு டச்டவுன் போட்டான். மீதி சீசன் முழுக்க அந்த ஆள்தான்.