புளோயரை அணைத்த கை

டாக்டரம்மா மேசையில் படங்களைப் பரப்பினார். குடை, சாவி, கடிகாரம், செருப்பு.

"சாவி எது? காட்டுங்க."

அண்ணன் படத்தைப் பார்க்கவே இல்லை. டாக்டரம்மாவின் தலைக்கு மேலே டியூப்லைட் ஒன்று விட்டு விட்டு எரிந்துகொண்டிருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, கீழ பாருண்ணே," என்று கெஞ்சினேன். எனக்குக் கெஞ்சிப் பழக்கமில்லை. அண்ணனோடு நடத்துகிற வண்டிப் பட்டறையில் கோபம் வந்தால் ஸ்பேனரை வீசுகிற ஆள் நான். அங்கே கைகட்டி உட்கார்ந்திருந்தேன்.

பக்கவாதம் வந்து அண்ணனுக்கு வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் போய்விட்டன. பேச்சுப் பயிற்சிக்கு இந்த ஆஸ்பத்திரியில் இடம் கிடைத்ததே பெரிய பாடு. நாம் சொல்வது அவருக்குப் புரிகிறது என்று இன்றைய சோதனையில் தெரிந்தால்தான் பயிற்சி தொடரும்.

டாக்டரம்மா படங்களை அடுக்கி வைத்தார். "புரிஞ்சுக்கற அறிகுறியே தெரியல தம்பி. இந்த இடத்துக்கு நிறைய பேர் காத்திருக்காங்க. இனிமே வீட்டிலயே வெச்சுப் பார்த்துக்குங்க."

அண்ணனை வைத்துக்கொண்டேதான் சொன்னார். டாக்டரம்மாவைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. நாங்களும் அதைத்தான் செய்தோம். ஆரம்பத்தில் அடுத்த அறைக்குப் போய்ப் பேசினோம். போகப் போக அந்த மரியாதையும் போயிற்று. பட்டறையை விற்றுவிடலாமா, இப்படியே எத்தனை வருஷம் இழுக்கும், எல்லாவற்றையும் கட்டில் ஓரமாக நின்றே பேசினோம். பேச்சு நடுவிலேயே அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார். "தூக்கம் வந்துடுச்சு போல," என்று அண்ணி விளக்கை அணைப்பார்.

திரும்பும் வழியில் மழை பிடித்துக்கொண்டது. எங்கள் வேனின் வைப்பர் வழக்கம்போலப் பாதிக் கண்ணாடியில் நொண்டி, நின்றுவிட்டது. ஊரில் இருக்கிற வண்டிக்கெல்லாம் வைத்தியம் பார்க்கிறோம்; எங்கள் வண்டிக்கு இந்தச் சீக்கு. பியூஸ் மாற்றினேன், சுவிட்ச் மாற்றினேன், மோட்டாரையே கழற்றிப் பார்த்தேன். பட்டறையில் ஜோராக ஓடும். மழையில் மட்டும் மானத்தை வாங்கும்.

கண்ணாடி உள்பக்கம் ஆவி படிந்தது. மழை பிடித்ததுமே போட்டிருந்த புளோயரை, காற்றடித்து அதைப் போக்கட்டும் என்று, முழு வேகத்தில் வைத்தேன். அண்ணன் இடது கையைக் குறுக்கே நீட்டி அதை அணைத்தார். குளிர்கிறது போலிருக்கிறது என்று அவர் சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டு, மறுபடி புளோயரைப் போட்டேன். மறுபடி அணைத்தார்.

"கண்ணு தெரியலண்ணே! சும்மா இரேன்!" என்று கத்தி, போட்டேன். எதிரே ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டே உரசுகிற மாதிரிப் போனது. எனக்கு உயிர் போய் வந்தது. அண்ணன் மூன்றாம் முறை அணைத்தார். அணைத்த கையை எடுக்கவில்லை. அந்தக் கையைத் தட்டிவிடப் போனவன், அப்போதுதான் கண்ணாடியைப் பார்த்தேன்.

வைப்பர் ஓடிக்கொண்டிருந்தது.

வண்டியை ஓரம் கட்டினேன். புளோயரைப் போட்டேன், வைப்பர் நின்றது. அணைத்தேன், ஓடியது. அண்ணன் குனிந்து தன் இடது முட்டிக்குக் கீழே, கதவோரத் தகட்டை விரலால் தட்டினார். தகட்டைக் கழற்றினேன். மோட்டாருக்குள் போகிற கரண்ட் திரும்பிப் போகிற வழிக்கு எர்த் என்று பெயர். வைப்பருக்கும் புளோயருக்கும் சேர்த்து அங்கே ஒரே போல்ட். துருவேறி லொடலொடவென்று கிடந்தது. புளோயர் ஓடினால் வைப்பருக்கு வழி இல்லை. ஒன்றைச் சோதிக்கும்போது மற்றதையெல்லாம் அணைத்துவிடுவது எங்கள் பட்டறைப் பழக்கம். அதனால்தான் பட்டறையில் அது என் கண்ணில் படவே இல்லை.

உப்புத்தாளால் தேய்த்து, போல்ட்டை இறுக்கினேன். இரண்டும் சேர்ந்து ஓடின. அண்ணன் உதட்டின் ஒரு ஓரம் லேசாக ஏறியது. எனக்குத் தலைகால் புரியவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். வண்டியைத் திருப்பி ஆஸ்பத்திரிக்கு விரட்டினேன்.

டாக்டரம்மா வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். நல்ல மனுஷி, வண்டிவரை வந்தார். மழை விட்டிருந்தது. நடந்ததை மூச்சு வாங்கச் சொன்னேன்.

"சரி, இப்ப செய்யச் சொல்லுங்க."

என்னத்தைச் செய்வது? பழுதுதான் இல்லையே. போல்ட்டைத் தளர்த்தினேன். நான்தான் பளபளவென்று தேய்த்து வைத்திருந்தேனே, தளர்த்திப் புளோயரைப் போட்டும் வைப்பர் காய்ந்த கண்ணாடியில் கீச்சிட்டபடி ஓடியது. பழுதைக் கண்டால் கை சும்மா இருக்காது. அந்தப் புத்தியால் இருந்த ஒரே சாட்சியையும் நானே அழித்துவிட்டேன்.

"அண்ணே, போல்ட் எங்கன்னு காட்டுண்ணே. ஒரே ஒரு தடவை."

தகட்டைத் திரும்ப மாட்டாததால் போல்ட் வெளியே தெரிந்தது. அதில் என் ஸ்பேனர் தொங்கிக்கொண்டிருந்தது. அண்ணன் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கண்ணுக்கு முன்னால் இருப்பதைக் காட்டச் சொல்கிறானே என்று நினைத்திருப்பார். கையை அசைக்கவில்லை.

டாக்டரம்மா என் தோளைத் தொட்டார். "வீட்டுல இருக்கறவங்களுக்கு இப்படித்தான் தோணும் தம்பி. தப்பில்ல."

வண்டியை வீட்டுக்கு விட்டேன். இது புரிந்தவருக்கு எதுதான் புரிந்திருக்காது? கட்டில் ஓரமாக நாங்கள் பேசிய ஒவ்வொன்றும் என் காதில் திரும்பக் கேட்டது. பட்டறையை விற்றுவிடலாம் என்று முதலில் சொன்னவன் நான்தான்.

அண்ணனைக் கட்டிலில் கிடத்தினோம். அண்ணி தலையணையைச் சரிசெய்துகொண்டே, "என்ன தம்பி, இனிமே வரவேண்டாம்னுட்டாங்களா?" என்றார்.

"அண்ணி, வெளிய வாங்க, சொல்றேன்."

"இங்கயே சொல்லுங்க. அவருக்கு என்ன தெரியப்போகுது?"

அண்ணன் என்னை ஒருமுறை பார்த்தார். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"தூக்கம் வந்துடுச்சு போல," என்று அண்ணி விளக்கை அணைத்தார்.