பாதி வரை சுருட்டை

1

இந்தக் கதை, என் தங்கையின் தலையில் வெந்துபோன ஒரு முட்டையிலிருந்து பிறந்தது. மற்றவர்களுக்கு மழை, மரணம், பிரிவு என்று கௌரவமாக ஏதாவது அமைகிறது. எனக்கு வாய்த்தது இதுதான்.

வறண்டு உடையும் முடிக்கு முட்டையும் தயிரும் கலந்து பூசி, ஊறவிட்டு அலசினால் பட்டாகிவிடும் என்று கைப்பேசியில் ஒரு பெண் சொன்னாள். (அவளுக்கு முதலிலிருந்தே பட்டாகத்தான் இருந்தது. அதை யாரும் கேட்பதில்லை.) தங்கை பூசிக்கொண்டு, பின்னந்தலையை அலச என்னைக் குளியலறைக்குக் கூப்பிட்டாள். ஒரு கையில் குவளையும் மறு கையில் கைப்பேசியுமாகப் போனேன். வேறொரு கதைக்கு நல்ல வரி ஒன்று வந்திருந்தது, மறப்பதற்குள் தட்ட வேண்டும். எந்தக் குழாயைத் திறந்தேன் என்று பார்க்கவில்லை.

"சுடுதுக்கா! சுடுது!"

அதற்குள் முட்டை வெந்துவிட்டது.*

* முட்டை பூசிய தலைக்குக் குளிர்ந்த நீர் மட்டும். அந்தப் பெண் இதைக் காணொளியின் கடைசியில் சொல்கிறாளாம். கடைசி வரை பார்க்கிறவர்களுக்கு ஏன் முடி கெடப்போகிறது?

2

தொடக்கங்கள்:

"அவள் கூந்தல் கார்மேகம் போல—"

வேண்டாம். கார்மேகம் நுனியில் இரண்டாகப் பிளப்பதில்லை.

"பெண்ணின் கூந்தல் என்பது சமூகம் தன் அதிகாரத்தை எழுதிப் பார்க்கும் ஒரு—"

கருத்தரங்கில் கை தட்டுவார்கள். எனக்கே கொட்டாவி வருகிறது.

"அவள் தலையில் இரண்டு வகை முடி இருந்தது."

இது உண்மை என்பதால் வைத்துக்கொள்கிறேன். வேரிலிருந்து காது வரை பிறவிச் சுருட்டை. காதுக்குக் கீழே நேர். வேலையில் சேருவதற்கு முன் அழகு நிலையத்தில் மருந்து போட்டு நேராக்கிக்கொண்டாள். 'நிரந்தரம்' என்றார்கள். புதிதாக முளைக்கும் முடிக்கு அந்த நிரந்தரம் செல்லாது என்பதைச் சொல்ல மட்டும் மறந்துவிட்டார்கள். அதனால் தினமும் காலையில் மேல்பாதியைப் பழுக்கக் காய்ந்த ஸ்ட்ரெய்ட்னர் இடுக்கியால் இழுத்து இழுத்துக் கீழ்ப்பாதியோடு ஒப்பேற்றுகிறாள்; மத்தியானத்துக்குள் அது மறுபடி சுருண்டுவிடுகிறது. இரண்டும் சேரும் இடத்தில் முடி ஒடிகிறது.

3

பாத்திரங்கள்.

தங்கை வேலை பார்ப்பது கோணல் பல்லை நேராக்கும் மருத்துவமனையில், வரவேற்பு மேசையில். சுவர் நெடுக 'முன்', 'பின்' என்று வாய்களின் படங்கள். நடத்துபவர் ஒரு பல் மருத்துவர், தங்கைக்கு டாக்டரம்மா. இவரை வில்லியாக்க எவ்வளவோ முயன்றேன். ஒத்துழைக்க மாட்டேன் என்கிறார். குரலை உயர்த்துவதில்லை. தங்கைக்குக் காய்ச்சல் என்றால் மாத்திரை கொடுத்து வீட்டுக்கு அனுப்புகிறார். போன வாரம் சொன்னதையும் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்:

"நேரா இருக்கிற பல்லுக்காகத்தாம்மா நம்மகிட்ட வர்றாங்க. வாசல்லயே ஒரு தலை இப்படிச் சுருண்டுக்கிட்டு நின்னா, நம்ம வேலை மேல நம்பிக்கை வருமா?"

திங்கட்கிழமை தலையை ஒழுங்காக நேராக்கிக்கொண்டு வந்தால் முன்மேசை. இல்லாவிட்டால் பின்னறையில் பல் அச்சுகளைக் கழுவும் வேலை, பாதிச் சம்பளம். இன்று ஞாயிற்றுக்கிழமை.

அடுத்து அக்கா. இவள் மீது எனக்குப் பெரிய சந்தேகம் இருக்கிறது. நாவல் எழுதுவதாகச் சொல்லிக்கொண்டு வேலையை விட்டுவிட்டு வீட்டில் இருக்கிறாள். வாடகை தங்கையுடையது, மளிகை தங்கையுடையது, முட்டைகூடத் தங்கை வாங்கியதுதான். கதையின் ஓட்டத்துக்கு அக்காவால் எந்த உபயோகமும் இல்லை. (வீட்டின் ஓட்டத்துக்கும்தான்.) இந்தப் பாத்திரத்தை நீக்கிவிடுகிறேன்.

4

நீக்கப்பட்ட அக்கா முட்டை பொறுக்குகிறாள். வேறு ஆள் கிடைக்கவில்லை.

தங்கை கவிழ்த்த வாளி மேல் உட்கார்ந்திருந்தாள். நான் பின்னால் நின்று, சுருள் சுருளாகப் பிரித்து, வெள்ளைத் துணுக்குகளை நகத்தால் எடுத்துக் குவளையில் போட்டேன். சுருட்டையில் சிக்கிய முட்டை லேசில் வருவதில்லை.

"மெதுவாக்கா. காதுக்குப் பின்னாடி தொடாத."

"ஏன்டி?"

"தொடாதன்னா தொடாதயேன்."

ஒதுக்கிப் பார்த்தேன். விரல் அகலத்துக்குத் தோல் சிவந்து பொருக்குத் தட்டியிருந்தது. அதற்கு மேலே பழைய தழும்பு ஒன்று, கழுத்தை ஒட்டி இன்னொன்று. காலையில் பக்கத்து அறையிலிருந்து கருகல் வாடை வரும்போதெல்லாம் நான் ஜன்னலைத் திறந்துவைத்துவிட்டு எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

"எரியுதா?"

"காலைல எரியும். மத்தியானம் மரத்துடும். ராத்திரி தலகாணில பட்டா மறுபடி எரியும்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியாடி?"

"சொன்னா? உக்காந்து கதை எழுதுவ."

(இந்த இடத்தில் கிண்டலாக ஒரு வாக்கியம் இருந்தது. அடித்துவிட்டேன்.)

"சூடு வைக்காம அப்படியே விட்டுட்டா முடி சரியாகுமா?" என்று கேட்டேன்.

"மேல இருக்கிறது ஆகும். கீழ இருக்கிறது ஆகாது. அது செத்த முடி. அதை வச்சிக்கிட்டு மேல என்ன பண்ணாலும் ஒடியும்."*

* வாசகர் பயன் கருதி: தினமும் ஷாம்பு வேண்டாம். ஈர முடியைத் துண்டால் தேய்க்காமல் பழைய பனியனால் ஒற்றவும். அகலப் பல் சீப்பால், நுனியிலிருந்து ஆரம்பித்து மேலே போகவும். பிளந்த நுனியை எந்த எண்ணெயும் ஒட்டவைக்காது, வெட்டத்தான் வேண்டும். இந்தக் கடைசி வரி விளம்பரங்களில் வராது. கத்தரிக்கோலைப் புட்டியில் அடைத்து விற்க முடியாதே.

5

தங்கை தலையில் பனியனைச் சுற்றிக்கொண்டு சமையலறைக்குப் போனாள். நான் மேசைக்கு ஓடினேன். கதை சூடாக இருக்கும்போதே முடிவை எழுதிவிட வேண்டும்.

முடிவு அ. செத்த முடியை வெட்டி எறிந்துவிட்டு, காதளவு சுருட்டையோடு நிமிர்ந்து நடந்து போகிறாள். வாட்ச்மேன் எழுந்து நிற்கிறார். வாயில் பஞ்சோடு காத்திருக்கும் நோயாளிகள் கை தட்டுகிறார்கள். டாக்டரம்மாவின் கண்கள் பனிக்கின்றன. (பல் வலியோடு எவன் கை தட்டுவான்?)

முடிவு ஆ. எல்லாவற்றையும் நேராக்கிக்கொண்டு போகிறாள். முன்மேசை கிடைக்கிறது. கழிவறைக் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்க்கிறாள். கண்ணாடியில் இருப்பது அவளில்லை. (இலக்கியப் பத்திரிகைகளுக்கு உகந்தது. அடுத்த வாக்கியத்தில் ஒரு பறவை பறக்க வேண்டும்.)

முடிவு இ. அவள் வெட்டிக்கொண்டு வந்ததைப் பார்த்த டாக்டரம்மா கதவைச் சாத்திவிட்டு மெல்லத் தன் தலையிலிருந்து விக்கைக் கழற்றுகிறார். உள்ளே சுருட்டை! இருவரும் கட்டிக்கொண்டு—

சீ.

6

"படிச்சேன்" என்றாள் தங்கை. நான் தண்ணீர் குடிக்கப் போன நேரத்தில் மேசையில் உட்கார்ந்துவிட்டாள்.

"எப்படி இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு. நீ எங்கக்கா?"

"எங்கன்னா?"

"டாக்டரம்மா வர்றாங்க, பேஷண்ட் வர்றாங்க, வாட்ச்மேன்கூட எந்திரிச்சு நிக்கிறாரு. ஒரே வீட்டுல இருக்கிற நீ எந்த முடிவுலயும் இல்லையே?"

"பாத்திரம் அதிகமானா கதை கெட்டுடும்" என்றேன். அவள் எழுந்து போய்க் கத்தரிக்கோலை எடுத்துவந்து என் கையில் கொடுத்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டு எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, தலையில் சுற்றியிருந்த பனியனை அவிழ்த்தாள்.

"முன்னாடி நானே வெட்டிப்பேன். பின்னாடி கை எட்டல. சுருட்டை எங்க முடியுதோ அங்க வெட்டு."

"நாளைக்கு டாக்டரம்மா?"

"அது நாளைக்கு. எனக்கு இன்னிக்கு எரியுது."

"பின்ரூமுக்குப் போட்டுட்டா?"

"போட்டா பாதிச் சம்பளம். வாடகைக்கே சரியாப் போயிடும். நீயும் வேலைக்குப் போகணும்." தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள்: "போவேன்னா வெட்டு. இல்லேன்னா கத்தரிக்கோலை வச்சிட்டு ஸ்ட்ரெய்ட்னரை எடுத்துட்டு வா. கோவிச்சுக்க மாட்டேன்."

கோபித்துக்கொள்ள மாட்டாள் என்பது நிஜம். அதுதான் தாங்க முடியவில்லை.

7

அரை மணி நேரத்தில் மூன்று முடிவு எழுதிய கை இது. இரண்டில் தயங்காமல் முடியை வெட்டியது. இப்போது ஈரமான ஒரு கொத்தைப் பிடித்துக்கொண்டு, கத்தரிக்கோலைத் திறந்து வைத்தபடி நிற்கிறது. மூட மாட்டேன் என்கிறது. நாவலில் பாதி பாக்கி இருக்கிறது. காலை ஒன்பது மணிக்கு எங்கோ போய் உட்கார்ந்து மாலை வரை யாருக்கோ தலையாட்டுவது எப்படி இருக்கும் என்று எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அவள் காதுக்குப் பின்னால் அந்தச் சிவப்பும் நன்றாகத் தெரிகிறது.

வாசகரே, நல்ல எழுத்தாளர்கள் இந்த இடத்தில் நாசூக்காக ஒதுங்கிக்கொண்டு, முடிவு உங்கள் கையில் என்பார்கள். உயர்ந்த உத்தி. எனக்கும் ரொம்ப வசதி. நீங்கள் அவள் சம்பளத்தில் சாப்பிடவில்லை, உங்களுக்கு எழுதி முடிக்க நாவல் இல்லை, நாளைக் காலை இந்த வீட்டில் கண்விழிக்கப் போவதும் இல்லை. உங்களுக்குக் கை தயங்க ஒரு காரணமும் இல்லையே. ஆகவே, இந்தாருங்கள், பிடியுங்கள். சுருள் நிற்கும் இடத்துக்குச் சரியாகக் கீழே. கொஞ்சம் சீக்கிரம், அவள் குனிந்தே இருக்கிறாள், கழுத்து வலிக்கும்—

"யார்கிட்டக்கா பேசிட்டிருக்க?" என்கிறாள் தங்கை, திரும்பாமல்.