ஒற்றில்லாத கல்லூரி

எங்கள் ஊர்க் கல்லூரி தினமும் மாலை நான்கு மணிக்குக் கலைந்துவிடும். காரணம் அதன் பெயர்ப்பலகை. எழுதியவர் அவசரத்தில் ‘கலை கல்லூரி’ என்று எழுதிவிட்டார். நடுவே வரவேண்டிய ‘க்’ விடுபட்டுப் போனது. ஆகவே பலகை கல்லூரியைப் பார்த்துக் ‘கலை’ என்கிறது. பதினொரு ஆண்டுகளாகக் கல்லூரி அதற்குக் கீழ்ப்படிந்து வருகிறது.

காலை ஒன்பது மணிக்குப் பலகையின் மேல் நேராக வெயில் விழும். எழுத்துகள் கூசும், யாராலும் படிக்க முடியாது. அந்த நேரம் பார்த்துக் கல்லூரி கூடிக்கொள்ளும். நான்கு மணிக்கு வெயில் வேப்பமரத்துக்குப் பின்னால் போனதும் எழுத்துகள் பளிச்சென்று தெரியும். உடனே மாடிப்படி மாவு மில்லுக்குப் போய்விடும். மணி, பஸ் ஸ்டாண்டு டீக்கடைக்கு. கரும்பலகை சலூனுக்கு. கரும்பலகைக்கு முன்னால் உட்கார்ந்து முடிவெட்டிக்கொள்பவர்கள் முகம் தெரியவில்லை என்று இதுவரை குறை சொன்னதில்லை.

நானும் என் தங்கை மீனலோசனியும் இருக்கும் வீட்டுக்கு வருவது மூன்றாம் வகுப்பறையின் ஜன்னல். வந்து சமையலறையின் மேற்குச் சுவரில் பொருந்திக்கொள்ளும். எத்தனை மணிக்குப் பார்த்தாலும் அதன் வழியாக வருவது நான்கு மணிக்குச் சற்று முந்தைய வெயில். அந்த வெளிச்சத்தில்தான் தங்கை கீரை ஆய்வாள். ஆய்ந்த கீரையில் ஒரு புழுவைக்கூட நான் பார்த்ததில்லை.

வெளிச்சத்தோடு ஒரு வாக்கியமும் வரும். தத்துவம் நடத்தும் தெய்வசிகாமணி சாரின் குரல்.

“ஆகவே, இதிலிருந்து நாம் அறிவது என்னவென்றால்…”

அவ்வளவுதான். அந்த இடத்தில் மணி நான்கு ஆகியிருக்கும். மிச்சம் எந்த வீட்டுக்கும் போகவில்லை. மாவு மில்லில் கேட்டேன், டீக்கடையில் கேட்டேன். அவர்களிடம் இல்லை.

முப்பத்து நான்கு ஆண்டுகள் அச்சகத்தில் பிழை திருத்தியவள் நான். மற்றவர்களின் வாக்கியங்களுக்கு ஒற்று வைத்தும் முற்றுப்புள்ளி வைத்தும் என் ஆயுளில் பாதி போயிற்று. முடியாத வாக்கியம் ஒன்று வீட்டில் இருந்தால் எனக்குச் சோறு இறங்காது. பதினொரு ஆண்டுகளாகக் கொஞ்சமாகத்தான் சாப்பிடுகிறேன்.

இந்த ஜூலையில் கல்லூரிக்கு ஒரு கடிதம் வந்தது. மாணவர்கள் ஏழு பேர்தான் இருக்கிறார்கள், எட்டுப் பேர் வேண்டும். முப்பத்தொன்றாம் தேதிக்குள் எட்டாவது ஆள் சேராவிட்டால், அன்று கலையும் கல்லூரி மறுநாள் கூடக் கூடாது. பாகங்கள் போன வீட்டிலேயே தங்கிவிடலாம்.

இருபத்தெட்டாம் தேதி கல்லூரி முதல்வர் எஸ்தர் பொற்கொடி, சேர்க்கைப் படிவத்தோடு வீட்டுக்கு வந்தார். ஜன்னலை ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார்.

“ஒரு ஆள்தான் குறையுதும்மா. ஜன்னலை நினைச்சேன், உங்க ஞாபகம் வந்துச்சு.”

“அக்காவுக்கு எழுபத்தொண்ணு முடிஞ்சிருச்சு மேடம்,” என்றாள் மீனலோசனி.

“வயசுக்கு ரெண்டு கட்டம் விட்டிருக்கோம். எழுபத்தொண்ணு ரெண்டு கட்டத்துல அடங்கிரும்.”

“படிச்சு முடிச்சா வேலை கெடைக்குமா?”

“கெடைக்காது.”

“அதையாவது ஒளிக்காம சொன்னீங்களே. காபியைக் குடிங்க.”

அவர் போன பிறகு தங்கை ஜன்னல் கம்பிகளை ஈரத்துணியால் துடைத்தாள். எப்போதும் துடைப்பதைவிட நிதானமாகத் துடைத்தாள்.

“நீ சேரலைன்னா இது நம்மளுக்கே வந்துரும்க்கா. காலையில எந்திரிச்சா போயிருமேங்கிற கவலை இல்ல.”

“வாக்கியம்?”

“அது பாட்டுக்கு ஒரு ஓரமா இருந்துட்டுப் போகுது. படிச்சே தீரணும்னா பெரிய காலேஜ்ல போய்ச் சேரு. நீ படிச்ச காலேஜ்தானே. அது கலையாது.”

உண்மைதான், பெரிய கல்லூரி கலையாது. ஐம்பத்து மூன்று ஆண்டுகளுக்கு முன் அங்கே படித்தேன். மாணவர்கள் அதிகமானதால் வருகைப் பதிவு எடுத்து முடிக்க மூன்று ஆண்டுகள் ஆகும். ‘அ’ வரிசைக்காரர்கள் முதல் வாரமே குரல் கொடுத்துவிட்டுக் கேன்டீனுக்குப் போய்விடுவார்கள். என் பெயர் இரண்டாம் ஆண்டு தீபாவளிக்கு முந்திய வாரம் வந்தது. “உள்ளேன் ஐயா” என்றேன். ஐயா தலை நிமிராமல் அடுத்த பெயரைப் படித்தார். மூன்று ஆண்டுகளில் நான் அங்கே பேசியது அந்த இரண்டு சொற்கள்தான். பட்டம் கைக்கு வந்தபோது அதில் வேதியியல் என்று போட்டிருந்தது. நான் என்ன படித்தேன் என்று அப்போதுதான் தெரிந்தது.

இரண்டு நாள் யோசித்தேன். சேர்ந்தால் ஜன்னல் மறுபடி தினமும் போய்விடும். சேராவிட்டால் ஜன்னல் இருக்கும், வாக்கியம் ஒருநாளும் முடியாது. முப்பதாம் தேதி மாலை கம்பியில் காதை வைத்து நெடுநேரம் கேட்டேன். ‘என்னவென்றால்’ என்பதற்குப் பிறகு ஒரு மூச்சு இழுக்கும் சத்தம் இருந்தது. பதினொரு ஆண்டுகளில் அதை நான் கவனித்ததில்லை. அந்த மனிதரிடம் சொல்வதற்கு ஏதோ இருக்கிறது.

மறுநாள் மூன்று மணிக்குக் கல்லூரிக்குப் போனேன். தங்கையும் வந்தாள், கையில் காபி டம்ளரோடு.

“நான் ஜன்னலுக்காக வரேன். கடைசி நாள் பாரு, குழப்பத்துல வேற வீட்டுக்குப் போயிரப் போகுது.”

மூன்றாம் வகுப்பறையில் ஏழு மாணவர்களும் இருந்தார்கள். தெய்வசிகாமணி சார் நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். நாற்காலி ரேஷன் கடைக்குப் போவது. முழுதாகச் சாய்ந்தால் கிளம்பும்போது சிரமம். முதல்வர் படிவத்தை மேசையில் வைத்தார். ‘ஏன் இந்தக் கல்லூரி?’ என்று ஒரு கேள்வி இருந்தது. ‘வாக்கியம் முடிய வேண்டும்’ என்று எழுதினேன். மேலே என் பெயரை எழுதினேன்: சொக்கம்மாள்.

முதல்வர் முத்திரை வைத்தார். “எட்டு,” என்றார். ஏழு பேரும் ஒருமுறை எழுந்து உட்கார்ந்தார்கள்.

“நாளைக்குக் கூடிரலாம். இன்னைக்கு வழக்கம்போலக் கலைஞ்சுக்குவோம்.”

“பலகையில ஒரு எழுத்து குறையுது மேடம்,” என்றேன்.

“தெரியும்மா. ஒத்தெழுத்து தனியா எங்கேயும் கெடைக்க மாட்டேங்குது. யார் பேர்ல இருந்தாவது பேத்துத்தான் எடுக்கணும். முத்தழகின்னு ஒரு பொண்ணு ‘த்’ குடுத்துச்சு. வச்சுப் பாத்தோம். கூடவும் இல்ல, கலையவும் இல்ல, ஒரு வாரம் முழங்கால் உயரத்துல நின்னுச்சு. திருப்பிக் குடுத்துட்டோம்.”

“எம் பேர்ல ‘க்’ இருக்கே. பதினோரு வருஷமா கேக்கலியே?”

“நீங்க மாணவி இல்லையேம்மா. வெளியாள்கிட்ட எழுத்து வாங்க விதி இல்ல. நீங்களும் சொல்லலியே?”

“என்கிட்ட தராத தாள்ல நான் கைவைக்கிறதில்ல மேடம்.”

“இப்போ தந்தாச்சு.”

மணி மூன்று நாற்பது. படிவத்தில் என் பெயரை இடது கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, வலது கட்டைவிரல் நகத்தால் இரண்டாம் எழுத்தைக் கிளப்பினேன். எழுபத்தொரு வருடம் இருந்த இடம் என்பதால் முதலில் அசையவில்லை. பிறகு அடியிலிருந்து பலாச்சுளை போல விட்டு வந்தது. வந்த வேகத்தில் தலையிலிருந்த புள்ளி தெறித்து மேசையில் உருண்டது.

“புள்ளி, புள்ளி!” என்று கத்திக்கொண்டே மீனலோசனி டம்ளரைக் கவிழ்த்து அதை அமுக்கினாள்.

பிறகு டம்ளருக்குள் பார்த்தபடியே, “அக்கா,” என்று மெல்லச் சொல்லிப் பார்த்தாள். “அக்கா. வருது. நான் கூப்பிடறதுல இருக்கிற ‘க்’கு ஒண்ணும் ஆகல.”

“சொகம்மாள்,” என்று படிவத்தைப் படித்தார் முதல்வர்.

“சொகமாத்தான் இருக்கு,” என்றாள் தங்கை.

ஏணியை வாசலுக்குக் கொண்டுபோனோம். பலகையில் இரண்டு சொற்களுக்கும் நடுவே ‘க்’குப் போதுமான இடம் இல்லை. ஏழு பேரும் ஏணியிலும் மதில்மேலும் நின்று ‘கல்லூரி’யைத் தோளால் வலப்பக்கம் தள்ளினார்கள். ‘லூ’ மட்டும் கனம். அதற்கு மூன்று பேர் வேண்டியிருந்தது. கிடைத்த இடைவெளியில் நான் ஏறி என் எழுத்தை வைத்தேன். தங்கை டம்ளரை நீட்டினாள். புள்ளியை எடுத்து மேலே வைத்து, அச்சகத்தில் செய்வதுபோல ஒருமுறை தள்ளி நின்று பார்த்தேன். சரியாக இருந்தது.

வகுப்புக்குத் திரும்பியதும் தெய்வசிகாமணி சார் வருகைப் பதிவு எடுத்தார். எட்டுப் பெயர், அரை நிமிடம்.

“சொகம்மாள்.”

“உள்ளேன் ஐயா.”

அவர் தலை நிமிர்ந்து பார்த்தார். நான் இருக்கிறேனா என்று முழுதாகப் பார்த்துவிட்டு, “ஆமா, இருக்கீங்க,” என்று குறித்துக்கொண்டார். ஐம்பத்து மூன்று ஆண்டுகளாக நின்றுகொண்டிருந்ததுபோல் கால் வலித்தது. உட்கார்ந்தேன்.

மூன்று ஐம்பத்தொன்பதுக்கு அவர் தொடங்கினார்.

“ஆகவே, இதிலிருந்து நாம் அறிவது என்னவென்றால்…”

வெயில் வேப்பமரத்துக்குப் பின்னால் போனது. வாசலில் பலகை தெளிந்தது. கட்டிடம் முழுவதும் எழுந்திருக்கப் போவதுபோல ஒரு அசைவு. மாடிப்படி ஒரு படி இறங்கி நின்றது. ஜன்னல் கீல்கள் கிறீச்சிட்டன. தங்கை ஓடிப்போய் ஜன்னலடியில் இரண்டு கைகளையும் ஏந்தி நின்றாள். பலகை தன் பெயரைச் சொன்னது. வெறும் பெயர். கல்லூரி அதைக் கடைசி எழுத்துவரை கேட்டுவிட்டு மெல்லத் திரும்ப அமர்ந்தது. கூரையிலிருந்து கொஞ்சம் சுண்ணாம்பு உதிர்ந்தது.

மணி நான்கு ஒன்று.

தெய்வசிகாமணி சார் இன்னும் நின்றுகொண்டிருந்தார். “என்னவென்றால்,” என்று மறுபடி சொன்னார். வேட்டி நுனியால் கண்ணாடியைத் துடைத்தார். உள்ளே இழுத்த மூச்சு பதினொரு ஆண்டு நீளமாக வெளியே வந்தது.

“எனக்கும் இன்னும் தெரியல. இவ்வளவு தூரம் ஒருநாளும் வந்ததில்ல. உக்காந்து யோசிப்போம்.”

அவர் முதல்முறையாக நாற்காலியில் முழுதாகச் சாய்ந்து உட்கார்ந்தார். எட்டுப் பேரும் எழுந்து நின்று கைதட்டினோம். வாசலில் முதல்வர் கைதட்டினார். மீனலோசனி ஏந்திய கைகளை இறக்காமலேயே அவற்றைத் தட்டினாள். டீக்கடையிலிருந்து ஆள் வந்து, மணி ஏன் இன்னும் வரவில்லை என்று கேட்டுவிட்டு, அவரும் தட்டினார். அன்று ஆறு மணிவரை யோசித்தோம். வீட்டுக்கு வந்து நான் மூன்று முறை சோறு போட்டுக்கொண்டேன். சமையலறை இருட்டாக இருந்தது. கீரையில் ஒரு புழு இருந்தது.

மறுநாள் காலை கல்லூரி முந்தின நாள் இருந்த இடத்திலேயே இருந்தது. வாசலில் பதினான்கு கலைமான்கள், மாற்றுச் சான்றிதழ்களுடன் வரிசையில் நின்றன. பலகையில் தங்கள் பெயரைப் படித்துவிட்டு வந்ததாகக் கூறின. முதல்வர் சான்றிதழ்களைச் சரிபார்த்து ஒவ்வொன்றாக உள்ளே அனுப்பினார். வயதுக்கு ஒரு கட்டமே போதுமானதாக இருந்தது.

அவற்றில் ஒன்று எனக்கு முன் பெஞ்சில் உட்கார்ந்தது. கொம்பு கரும்பலகையை மறைத்தது. கொஞ்சம் தலையைச் சாய்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்டேன். சாய்த்துக்கொண்டது.