தலைகீழ்க் கழித்தல்

கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போட்டு, தாளை அக்காவின் பக்கம் தள்ளினார் மேனேஜர். வெப்பத்தைக் கையால் கூட்டியது நானே என்று அதில் எழுதியிருந்தது. போட்டால் பேக்கிங் பிரிவு, போடாவிட்டால் வீடு. இரவு ஷிப்டை முடித்துவிட்டு வீட்டுக்குப் போகாமல் நான் அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றேன். அதே ஓவனில்தான் எனக்கும் வேலை. பெயிண்ட் அடித்த ஃபிரிட்ஜ் கதவுகளை உள்ளே தள்ளி, வெந்ததும் வெளியே எடுப்பது. போன வாரம் அவளுடைய பகல் ஷிப்டில் நாற்பது கதவுகள் கருகிவிட்டன.

"உன்ன யாரு கூப்பிட்டா?" என்றார் மேனேஜர்.

"யாரும் கூப்பிடல."

"வந்துட்டாருய்யா பாதி இன்ஜினியர்."

இரண்டாம் ஆண்டில் கல்லூரியை விட்டவனுக்கு இந்தத் தொழிற்சாலை வைத்த பேர் அது. எனக்குக் கோபம் வருவதில்லை. மீதிப் பாதிக்கு நான் உரிமை கோரியதே இல்லை.

"போடும்மா. போட்டுட்டுப் பேக்கிங்ல போய் உக்காரு" என்றார் அக்காவிடம்.

"தொடாததைத் தொட்டேன்னு எப்படி சார் எழுதித் தர்றது?"

மேனேஜருக்குப் பக்கத்தில், வெளியிலிருந்து வரவழைத்திருந்த கம்ப்யூட்டர்காரர் இருந்தார். கண்ணாடி போட்ட மரியாதையான ஆள். ஓவனை நடத்தும் பெட்டியைச் செய்த கம்பெனி எப்போதோ மூடியாகிவிட்டது. அதன் புரோகிராம் எழுத்தாக யாரிடமும் இல்லை. சிப்புக்குள் வெறும் எண்களாகத்தான் இருக்கிறது. அந்த எண்களை மனிதர் படிக்கும் கட்டளைகளாக மாற்ற டிஸ்அசெம்பளர் ஒன்றை அவரே எழுதியிருந்தார். அது துப்பிய தாள்கள் மேசையில் ஒரு கட்டாகக் கிடந்தன.

"வேண்டிய வெப்பத்துல இருந்து இருக்கிற வெப்பத்தக் கழிக்குதுங்க. மிச்சம் வந்தா சூடு போடும், வரலைன்னா நிறுத்தும். எல்லா இடத்துலயும் சரியா இருக்கு. அப்ப கையாலதான் கூடியிருக்கணும்" என்றார். அக்காவின் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னார்.

கதவுகள் கருகிய அன்று நடுவில் கரண்ட் போய் வந்தது. கரண்ட் போய் வந்தால் ஓவன் மந்தமாகிவிடும், சூடே ஏறாது. நாங்கள் அணைத்துவிட்டு முதலிலிருந்து போடுவோம். எங்கும் எழுதி வைக்காத பழக்கம் அது. அன்று மட்டும் அக்கா அப்படிச் செய்யவில்லை. இருநூற்றுப் பத்து டிகிரியில் வெந்து நூற்றெண்பதுக்கு இறங்கிக்கொண்டிருந்த கதவுகள் உள்ளே இருந்தன. முதலிலிருந்து போட்டால் பெயிண்ட் உரிந்துவிடும் என்று, விட்ட இடத்திலிருந்தே ஓட விட்டாள். ஓவன் இறங்காமல் ஏறியது.

நான் யாரையும் கேட்காமலே அந்தத் தாள்கட்டை எடுத்தேன். கரண்ட் வந்த பிறகு ஓடும் பகுதியைத் தேடினேன். இந்த மாதிரி சிப்புக்குத் தசம எண் வராது. கணக்கைப் பக்கத்தில் இருக்கும் துணைச் சிப்பிடம் கொடுத்துவிடும். எண்களை எழுத்து கலந்து எழுதும் முறையில், டி.எட்டிலிருந்து டி.எஃப். வரை எட்டு எண்களில் ஒன்று வந்தால் அது துணைச் சிப்புக்கான கட்டளை. என்ன கட்டளை என்பதை அடுத்த எண் சொல்லும். கழிக்கும் மற்ற இடங்களில் எல்லாம் டி.எட்டு, ஈ.ஒன்று. இந்த ஒரு இடத்தில் மட்டும் டி.சி., ஈ.ஒன்று. எதிரே இரண்டுக்கும் ஒரே சொல் அச்சாகியிருந்தது: கழி.

"டி.சி. வரிசைக்கு அட்டவணை எப்படிப் போட்டீங்க?"

"டி.எட்டு வரிசை மாதிரியேதான். விடைய வைக்கிற இடம் மட்டும் மாறும்."

"அதைக் காப்பி பண்ணி ஒட்டினீங்களா?"

அவர் லேப்டாப்பில் சிப்பின் கையேட்டைத் திறந்தார். டி.சி. வரிசையில் கழித்தலும் தலைகீழ்க் கழித்தலும் இடம் மாறி உட்கார்ந்திருக்கும். ஏன் அப்படிச் செய்தார்கள் என்பது செய்தவர்களுக்கே வெளிச்சம். அங்கே ஈ.ஒன்று என்றால் இருக்கிற வெப்பத்திலிருந்து வேண்டிய வெப்பம் போகும். ஓவன் குளிர்ந்திருந்தால் சூடு நிற்கும், கொதித்தால் இன்னும் சூடு போடும். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். காது மடல் சிவந்துவிட்டது.

"நானும் இதேதான் பண்ணேன் சார். காலேஜ்ல சொந்தமா ஒண்ணு எழுதினேன். அதே காப்பி, அதே வரிசை. அந்தப் பேப்பர்லதான் ஊத்திக்கிச்சு."

"அது என்னமோ உங்க பாஷை" என்றார் மேனேஜர். "எனக்கு வேண்டியது கையெழுத்து. அறிக்கை மேல போயாச்சு."

"தப்பான அறிக்கைங்க" என்றார் கம்ப்யூட்டர்காரர், மெதுவாக.

"நீங்க சும்மா இருங்க. நேத்து சரின்னீங்க, இன்னிக்குத் தப்புங்கறீங்க. நாளைக்கு?"

அக்கா எழுந்தாள். தாளை எடுத்துக்கொண்டாள். "பேப்பர் பேசினது போதும் சார். ஓவன் பக்கத்துலதான இருக்கு, வாங்க."

"க்கா, மெயின் ஸ்விட்ச நான் போடவா?"

"தள்ளிப் போடா. என் ஷிப்ட் இது."

காலி ஓவனை இருநூற்றுப் பத்துக்கு ஏற்றினாள். நூற்றெண்பதுக்கு இறங்கும் கட்டம் தொடங்கி, எண் இருநூற்றுக்கு வந்ததும் மெயின் ஸ்விட்சை இழுத்தாள். விசிறிகள் ஓய்ந்தன. பத்து எண்ணிவிட்டு மேலே தள்ளினாள். விட்ட இடத்திலிருந்தே ஓடு என்கிற பட்டனை அழுத்தினாள். பிறகு இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

நூற்றுத் தொண்ணூற்றெட்டு. கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது. இருநூறு. இருநூற்று மூன்று. பக்கத்து வரிசைக்காரர்கள் வேலையை விட்டுவிட்டு ஒவ்வொருவராக வந்து நின்றார்கள். இருநூற்றுப் பன்னிரண்டில் மேனேஜரின் கை, வெப்பத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழை நோக்கி நீண்டது.

"கைய வைக்காதீங்க சார்" என்றாள் அக்கா. "கையால தொட்டாத்தான் ஏறும்னு எழுதியிருக்கீங்க."

கை பாதியில் நின்றது. ஓவன் கதவிடுக்கிலிருந்து அனல் வந்தது. பேனல் மேல் அவள் வைத்திருந்த தாள், பென்சில் குறியோடு, ஓரத்திலிருந்து மெல்லச் சுருண்டுகொண்டிருந்தது. இருநூற்றுப் பதினைந்து. யாரும் எதையும் தொடவில்லை.